ஆணிக்குக் கீழே ஒரு கோடு

குதிரையை வாங்கும்போது அதன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. புதுச்சேரி உழவர்கரையில் எங்கள் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் என்னைப் பற்றி இதைத்தான் முதலில் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

நான் ஃபிட்டர். பஞ்சாலை ஓடிய காலத்தில் ஆலையில் ஃபிட்டர். ஆலை மூடிய பிறகு எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் ஃபிட்டர். எதைக் கண்டாலும் அது மட்டமாக நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால்கூட மேசை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது கண்ணை உறுத்தும், முட்டுக் கொடுக்கக் கல்லைத் தேடுவேன். அந்தியூர்க் குதிரைச் சந்தையில் அந்தக் குதிரையைக் கண்டபோதும் நான் பார்த்தது அதன் கால்களைத்தான். சுற்றிலும் பம்பை அடிக்கிறார்கள், ராட்டினம் கத்துகிறது, பெரிய பெரிய குதிரைகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கனைக்கின்றன. இது மட்டும் நாலு காலும் தரையில் சமமாகப் பதிய, போல்ட் போட்டு முடுக்கியதுபோல் நின்றது. செம்பழுப்பு நிறம். பிடரியும் வாலும் முழங்காலுக்குக் கீழேயும் கறுப்பு. அகன்ற நெற்றி, அதன் கீழே என்னை எடை போடும் இரண்டு கண்கள். உயரம் என் நெஞ்சுக்கு வந்தது.

"குட்டிங்க. ரெண்டு வருசத்துல உங்க தலைக்கு மேல வளந்துருமுங்க" என்றார் விற்றவர்.

நான் நம்பினேன். நம்புவதற்கு எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி பெரிய மார்க்கெட்டில் பூ விற்றவள். மீன்கடைப் பக்கம் தண்ணீர் தேங்கிய படியில் ஒருநாள் காலை வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. பிளேட் வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. வாக்கர் ஒன்றைக் கையில் கொடுத்து நடக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், நான் பக்கத்தில் நிற்கும்போதே, வாக்கரோடு சேர்ந்து மறுபடி விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் நான் கத்திவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். பயந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும். "கண்ணு எங்க போச்சு ஒனக்கு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அன்றோடு அவள் நடப்பதை விட்டாள். வாக்கர் மூலையில் நின்றது. கொஞ்ச நாளில் அதன் மேல் ஈரத்துண்டு காயப் போட ஆரம்பித்தோம்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். காலில் கோளாறு இல்லை, பயம்தான். ஆனால் இப்படியே இன்னும் ஒரு வருடம் படுத்திருந்தால் தசை கரைந்துபோகும், அதற்குப் பிறகு அவளே நினைத்தாலும் நடக்க முடியாது. நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகளை வரவழைத்து அழ வைத்தும் பார்த்தேன். "வுடுங்க, நான் இப்டியே கெடந்துட்டுப் போறேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு நாளைக்கு நாற்பது முழம் பூவைத் தொடுத்துக்கொண்டே மூன்று பேரோடு சண்டை போடுகிறவள் அவள்.

நான் முதல் ஷிப்ட் போனால் விடியற்காலையிலிருந்து மதியம் இரண்டரை வரைக்கும் அவள் தனி. அதனால்தான் அந்த யோசனை. ஒரு குதிரையை வாங்கி வளர்ப்பது, அது வளர்ந்ததும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் விடுவது, கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பகலெல்லாம் அவள் கூடவே இருப்பது. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? எனக்கும் நன்றாகத்தான் இருந்தது, குட்டியானை வண்டியில் அதை ஏற்றி விடிய விடிய ஓட்டி வந்து வீட்டு வாசலில் இறக்கும் வரைக்கும்.

"இன்னாயா இது?" என்றாள் கட்டிலில் இருந்தபடியே, ஜன்னல் வழியாக.

"குதிரை."

"அது தெரியுது. எதுக்கு?"

நான் திட்டத்தைச் சொன்னேன். அவள் குதிரையை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள். மார்க்கெட்டில் வாடின பூவைக் கொண்டுவந்து தலையில் கட்டப் பார்க்கிற வியாபாரியைப் பார்க்கும் பார்வை அது.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பிரான்சில் பல வருடம் இருந்தவர், எதிலும் ஒரு கருத்து சொல்லாமல் விடமாட்டார். மாடியில் நின்று காப்பி குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது குதிரை இல்லப்பா. பொனே. மட்டக்குதிரை. இது இம்மாம் ஒசரம்தான்" என்றார்.

"குட்டி சார், வளரும்" என்றேன்.

"வளராது."

"வளருதா இல்லையா, நான் அளந்து காட்டறேன் பாருங்க!"

இப்படித்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பின்கட்டில் மதில் சுவரை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை இருந்தது. அதில் ஒரு சிமென்ட் பலகை அளவுக்குத் தரை சமமாக இருந்தது. அந்த இடத்தில் குதிரையை நிறுத்தி, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் மேல் ஒரு நீளக் கட்டையை வைத்து, கட்டையின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும் வரை காத்திருந்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். பக்கத்தில் தேதியும் எழுதினேன். டேப் வைத்து அளந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆலையில் கற்ற பழக்கம் அது. டேப்பைப் பிடிக்கிற கைக்கு ஒரு அளவு வரும், போட்ட கோடு மட்டும் போட்ட இடத்தில் இருக்கும். முதல் கோடு போட்ட அன்றே அங்கே ஒரு ஆணியும் அடித்தேன், கயிறு மாட்டுவதற்கு. கோடு ஆணியின் கீழ்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. அந்த நேர்த்தியைப் பார்த்து எனக்கே ஒரு திருப்தி. பிறகு ஆணியில் கயிறு, தீனிப் பை, தேய்ப்பான் எல்லாம் ஏறி, ஆணியே கண்ணுக்குத் தெரியாமல் போனது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அளப்பது என்று வைத்துக்கொண்டேன். அடுத்த ஆடிக்குள் என் தோளுக்கு வரவில்லை என்றால் சந்தைக்கே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று மனைவியிடம் சத்தமாகவே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

அந்தக் குதிரை எங்களிடம் நடந்துகொண்ட விதத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். நான் கோட்டைக் கவனித்தேன், குதிரையைக் கவனிக்கவில்லை. காய்ந்த புல், மார்க்கெட்டில் ஒதுக்கிப் போட்ட முள்ளங்கிக் கீரை, சோளத்தட்டு, எது கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் தின்றது. உச்சி வெயிலில் தெரு நாய்கள் சாக்கடையில் போய்ப் படுக்கும்போது அது கொட்டகைக்கு வெளியே வந்து நிற்கும். தெருவில் சாவு ஊர்வலம் போனது, பறை அடித்து அணுகுண்டு வெடித்தார்கள். எங்கள் மாமரத்துக் காகங்கள் எல்லாம் கோரிமேடு வரை போயிருக்கும். குதிரை ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு மென்றுகொண்டே இருந்தது. சொல்தா வீட்டுக் கோழி ஒன்று மதிலில் இருந்து அதன் முதுகில் குதித்து உட்கார்ந்தபோது நான் விளக்குமாற்றைத் தேடி ஓடினேன். குதிரை அசையவே இல்லை. கோழியும் இறங்கவில்லை. அன்றிலிருந்து மதியத்தில் அதற்கு அதுதான் இடம்.

இரண்டாம் மாதம் அளந்தேன். புதுக்கோடு பழைய கோட்டுக்கு ஒரு விரல் மேலே விழுந்தது! மாடியைப் பார்த்துக் கத்தினேன். சொல்தா எட்டிப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார், உள்ளே போய்விட்டார். மூன்றாம் மாதம் இன்னொரு விரல். நாலாம் மாதம் இன்னொன்று. ஏணிப்படி மாதிரி கோடுகள் ஏறின.

"வளந்துருக்கா?" என்பாள் மனைவி உள்ளே இருந்து.

"ஒரு விரல்!"

"அதான பாத்தேன். பாக்கும்போதே தெரியுது."

அவள் குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருப்பதுபோல் தோன்றும். குதிரை வளர்வதில் அவளுக்கும் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்வேன். வாக்கரில் மட்டும் துண்டு காய்ந்துகொண்டே இருந்தது. நான் வரும்போது அவள் கட்டிலில்தான் இருப்பாள். "தண்ணி குடு" என்பாள், கொடுப்பேன். டாக்டர் சொன்ன ஒரு வருடத்தில் எட்டு மாதம் போய்விட்டது. இரவில் அவள் காலுக்குத் தைலம் தேய்க்கும்போது கெண்டைச்சதையை அமுக்கிப் பார்ப்பேன். குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கோடு போட்டு வைக்க இடமில்லையே.

பங்குனி வெயிலில் எனக்குப் பொறுமை போய்விட்டது. மாதம் ஒரு விரல் என்றால் ஆடிக்குள் தோளைத் தொடாது. டானிக் கொடுத்தால் வேகமாக வளராதா? வார லீவு நாளில் கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்தேன். சின்னப் பெண்தான், முப்பது வயது இருக்கும். மகாராஷ்டிரா பக்கம் மேல்படிப்பு படித்துவிட்டு வந்தவர் என்று கேள்வி.

"வளர்றதுக்கு ஒரு டானிக் எழுதிக் குடுங்க டாக்டரம்மா" என்றேன்.

அவர் குதிரையைச் சுற்றி வந்தார். குளம்பைத் தூக்கித் தட்டிப் பார்த்தார். கல்லைத் தட்டிய சத்தம் வந்தது. பிறகு அதன் உதட்டை மெதுவாக விலக்கி வாய்க்குள் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"ஐயா, இதுக்கு வயசு பதினஞ்சு இருக்கும்."

"மாசமா?"

"வருஷம். இங்க பாருங்க, மேல் வரிசையில ஓரப் பல்லு. நடுவுல ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருக்கா? அது பத்து வயசுலதான் மேல எட்டிப் பாக்கும். இது பாதிப் பல்லு வரைக்கும் வந்துருச்சு. இது வளர்ந்து முடிச்சு பத்து வருஷம் ஆவுதுங்க."

குதிரை வாயைத் திறந்தபடி பொறுமையாக நின்றது. கோழி முதுகில் உட்கார்ந்திருந்தது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்தியூர்க்காரரை அங்கேயே நாலு வார்த்தை திட்டினேன்.

டாக்டரம்மா என் திட்டைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குதிரையின் முதுகை விரலால் நீவிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். செம்பழுப்பு மயிருக்கு நடுவில் இரண்டு பக்கமும் கைப்பிடி அளவுக்கு வெள்ளை மயிர்.

"சுமை உராஞ்ச எடம் இது" என்றார். அவர் குரல் மாறிவிட்டது. "இது எங்கேருந்து வந்துச்சுன்னு சொன்னாங்களா?"

"சந்தையிலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

எனக்கு அதற்கு முன்னாடி என்று ஒன்று இருக்கும் என்றே தோன்றியதில்லை.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ரத்தத்தைச் சோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எலும்பும் குளம்பும் நெற்றியும் பார்த்தால் இது தக்காணத்து மட்டக்குதிரை. பீமா நதிக்கரையில் உருவான இனம், பீம்தடி என்பார்கள். அந்த மேட்டு நிலத்தில் முன்பே சின்ன நாட்டுக் குதிரைகள் இருந்தன. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் அரபுக் குதிரைகளும் துருக்கிக் குதிரைகளும் கப்பலில் வந்து இறங்கின. இரண்டும் கலந்தன. வெளிநாட்டுக் குதிரையின் ஓட்டமும் உள்ளூர்க் குதிரையின் வயிறும் சேர்ந்து ஒரு உடம்பில் வந்தன. கொஞ்சமாகத் தின்னும், மலை ஏறும், லாடம் இல்லாமல் பாறையில் நடக்கும், மூன்று நாள் ஓடினாலும் நாலாம் நாள் எழுந்து நிற்கும். மராட்டியக் குதிரைப்படை இதன் முதுகில்தான் தக்காணத்தில் இருந்து தெற்கே வந்தது.

"தெக்கன்னா எது வரைக்கும்?" என்றேன்.

"செஞ்சி வரைக்கும். அதுக்கு இந்தாண்டையும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செஞ்சி எங்களுக்கு பஸ் ஏறிப் போகிற ஊர். நிலக்கடலை மூட்டை வருகிற ஊர். திண்டிவனம் தாண்டிப் போகிற வழியில் பாறை பாறையாக மலை தெரியுமே, அதன் அடிவாரத்தில் இந்தக் குளம்புகள் ஆயிரக்கணக்கில் இறங்கியிருக்கின்றன. நான் அதன் முன்னங்காலைக் குனிந்து பார்த்தேன். தேய்ந்து பளபளத்த கறுப்புக் குளம்பு. இத்தனை நாள் அதில் ஒட்டிய சாணியைத்தான் சுரண்டியிருக்கிறேன். பெரிய ராஜா யாரோ மாறுவேடத்தில் வந்து என் வீட்டில் முள்ளங்கிக் கீரை தின்றுகொண்டிருந்ததைப்போல் வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

"அப்புறம் ஏன் சுமை தூக்க வந்துச்சு?"

"சண்டை முடிஞ்சுதே. வெள்ளைக்காரனுக்குப் பெரிய குதிரைதான் புடிச்சுது. இதை யாரும் சீந்தல. ஆடு மேய்க்கிறவங்க மட்டும் விடல."

அந்த மேய்ப்பர்களைப் படிக்கிற காலத்தில் அவர் பார்த்திருக்கிறார். மழைக்காலம் முடிந்ததும் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நடப்பார்களாம். ஆண்கள் ஆடுகளோடு முன்னால் போய்விடுவார்கள். பெண்கள் பின்னால் குதிரைகளோடு வருவார்கள். வீடு முழுக்கக் குதிரை மேல்தான்: கூடாரம், கம்பளி, பானை, மாவு மூட்டை, அதற்கு மேல் பிறந்து மூன்று நாளான ஆட்டுக்குட்டி, அதற்கும் மேல் கைக்குழந்தை, எல்லாவற்றுக்கும் மேல் கோழி.

"கோழியா?"

"ஆமாங்க. அதான் இது முதுகுல உக்காந்தும் குதிரை பாட்டுக்கு நிக்குது." கோழியைக் காட்டினார். "பொம்பளைங்க சுமை மேல ஒரு கையை வெச்சுக்கிட்டே கூட நடப்பாங்க. அந்தக் கையில எடை கூடுச்சுன்னா குதிரை தானா நின்னுடும். சுமை சரியுதா, ஆளு தடுக்கிட்டாங்களான்னு அதுக்குத் தெரியாது. எடை மாறுனா நிக்கணும், அவ்ளோதான். கொழந்தை மேல இருக்குல்ல? இந்த இனத்தைச் சமீபத்துலதான் தனி இனம்னு பதிவே பண்ணாங்க. மேய்க்கிறவங்க பல தலைமுறையா அது பேரு கேக்காம வெச்சிருக்காங்க."

நான் குதிரையின் கழுத்தில் கையை வைத்தேன். அது வரைக்கும் அப்படி வைத்ததில்லை. ஆனால் பழக்க தோஷம், விட முடியவில்லை. "எல்லாம் சரி டாக்டரம்மா. ஆனா இது வளந்துருக்கே! மாசா மாசம் அளந்துருக்கேன். எட்டு கோடு இருக்குது. வந்து பாருங்க."

கொட்டகைக்குள் அழைத்துப் போனேன். கோடுகள் நன்றாகத் தெரியட்டும் என்று ஆணியில் இருந்து தீனிப் பையையும் கயிற்றையும் எடுத்தேன்.

எட்டுக் கோடுகள் ஏணியாக இருந்தன. ஆணியின் கீழ்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் ஒரு கோடு ஓடியது. அது முதல் கோடு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட எட்டாவது கோடு. முதல் நாள் தேதியோடு இருந்த கோடு ஏழு விரல் கீழே கிடந்தது.

நான் நகராமல் நின்றேன். ஆணி நகராது. குதிரை வளரவில்லை. அப்படியானால் கோடுகள்தான் கீழே இறங்கியிருக்கின்றன. யாரோ ஒவ்வொரு மாதமும், நான் அளப்பதற்கு முன்பே, பழைய கோடுகளை எல்லாம் அழித்து ஒவ்வொரு விரல் கீழே தள்ளிப் போட்டிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். அழித்த இடம் லேசாக வெளுத்திருந்தது. தேதிகளில் ஏழு வருகிற இடத்தைப் பார்த்தேன். நான் புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியாரிடம் படித்தவன். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடாமல் என் கை நிற்காது. அங்கே இருந்த ஏழுகளுக்குக் குறுக்குக் கோடு இல்லை. அந்த ஏழை நான் தினமும் எங்கள் வீட்டுக் காலண்டரில் பார்க்கிறேன், கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளைக் குறித்த இடத்தில்.

என் மனைவியின் ஏழு.

கட்டிலில் இருந்து பின்கதவு. பின்கதவில் இருந்து மூன்று படி. மூன்றாவது படியில் இருந்து கொட்டகைக்கு இருபது தப்படி. எட்டிப் பிடித்து, சுவர் முழுக்க அழித்து, கோணாமல் கோடு போட்டு, மறுபடி இருபது தப்படி.

"இன்னாங்கையா, உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. ஏமாந்த வருத்தம் என்று நினைத்திருப்பார். அவர் போன பிறகு நேராகச் சொல்தா வீட்டு மாடிக்கு ஏறினேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "குதிரை வந்த மறு வாரத்துலேருந்து பாக்கறேன். மொதல்ல படி வரைக்கும். இப்ப தோட்டத்தைச் சுத்தி பன்னண்டு ரவுண்டு. மெர்சி சொல்லு அந்தக் குதிரைக்கு."

"ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாங்கப்பா. நீ ஊரைக் கூட்டிடுவியாம்."

கூட்டியிருப்பேன்தான். மகளுக்குப் போன் போட்டிருப்பேன், வாக்கரை எடுத்து வந்து தெருவில் நிறுத்தியிருப்பேன், இன்னும் நாலு அடி வை என்று கத்தியிருப்பேன். அவளும் விழுந்திருப்பாள்.

மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, பாதி வழியில் சைக்கிளைத் திருப்பினேன். வெயில் ஏறியதும் சொல்தா மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். இந்த வயதில் திருடனைப்போல.

பின்கதவு திறந்தது. குதிரை ஏற்கெனவே படியடியில் வந்து பக்கவாட்டில் நின்றிருந்தது, யாரும் கூப்பிடாமல். என் மனைவி கதவு நிலையைப் பிடித்தபடி ஒரு காலைக் கீழே வைத்தாள். கையை நீட்டி அதன் பிடரிமேட்டில் வைத்தாள். குதிரை உயரமாக இருந்திருந்தால் அந்தக் கை எட்டியிருக்காது. எட்டினாலும் தோள் தூக்கிக்கொண்டு வலித்திருக்கும். இது அவள் முழங்கையை அப்படியே சாய்த்துக்கொள்ளும் உயரம். மூன்று படியும் இறங்கினாள். நடந்தார்கள். குதிரை குட்டி குட்டியாக அடி வைத்தது. மாமரத்தடியில் வேர் தடுக்கி அவள் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்கு உயிர் போய்விட்டது, எழுந்தேவிட்டேன். அவள் எடை கையில் இறங்கிய அந்தக் கணமே குதிரை நின்றது. நாலு காலும் தரையில் பதிய, அந்தியூரில் நான் பார்த்த அதே நிற்பு. முதுகில் இருந்த கோழிகூடச் சிறகை அடிக்கவில்லை. அவள் நிமிர்ந்தாள், மூச்சு வாங்கினாள், அதன் கழுத்தில் ஏதோ சொன்னாள். மறுபடி நடந்தார்கள்.

பீமா நதிக்கரையில் இருந்து யார் யாரையோ, எதை எதையோ சுமந்து வந்த இனம். அந்தப் பெண்களில் ஒருத்தியின் கையை நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறதோ என்னவோ, என் பெண்டாட்டியின் கைக்கு நிற்கிறது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சொல்தா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அன்று டீக்கடையில் பொழுதைக் கழித்துவிட்டு வழக்கமான நேரத்துக்குத்தான் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் இருந்தே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனேன், அவள் கட்டிலுக்குப் போய்ச் சேர வேண்டுமே. போய்ச் சேர்ந்திருந்தாள். கொஞ்சம் மூச்சிரைத்தது. நானும் கேட்கவில்லை.

"நேத்து டாக்டரம்மா வந்தாங்களே, இன்னா சொன்னாங்க?" என்றாள். முந்தின நாள் முழுக்க அதைக் கேட்காமல் அடக்கி வைத்திருக்கிறாள்.

"அது குட்டி இல்லையாம். இனிமே வளராதாம்."

அவள் முகம் வெளுத்துப்போனது. போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "அப்ப ஆடிக்குச் சந்தைக்குக் கொண்டு போயிடுவியா?"

என் கல்யாணத்தில் இருந்து இன்று வரைக்கும் அவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அப்போதும் கெஞ்சவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் கொண்டு போவணும்?" என்றேன். "இந்த ஒசரம்தான் ஒனக்குச் சரியா இருக்குது."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே குதிரை சோளத்தட்டைக் கடிக்கும் சத்தம் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது; கண் நிறைந்தது; உடனே கோபம் வந்தது.

"எங்கிருந்து பாத்த?"

"மேலேருந்து."

"அந்தச் சொல்தா வாய்ல சனி!"

நான் சிரித்தேன். என்ன செய்வது என்று தெரியாமல், எட்டு மாதப் பழக்கத்தில், செம்பை எடுத்தேன். "தண்ணி தரட்டுமா?"

"வெய்யி" என்றாள். போர்வையை விலக்கினாள். இரண்டு காலையும் தரையில் வைத்து, கைக்கெட்டும் மூலையில் இருந்த வாக்கரின் மேல் காய்ந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என் எதிரிலேயே எழுந்து நின்றாள். "நானே எடுத்துக்கறேன்."